ஊரோடு பார்த்த ஆட்டங்கள்



1956ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், இந்த மெல்பேர்ண் நகரத்தின் பெற்றோல் நிலையங்களில் சனம் கூடி நின்றது. ஒலிம்பிக் போட்டி நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் பல வாரச் சம்பளம் வேண்டும். அம்போல் என்ற பெற்றோல் நிறுவனம் ஒன்பதாம் அலைவரிசையின் ஒலிம்பிக் ஒளிபரப்புக்குப் பணம் கொடுத்திருந்தது. பெட்டி இல்லாத ஆக்களும் பார்க்கட்டும் என்று தன் நிலையங்களிலும் பொது மண்டபங்களிலும் பெட்டிகளை வைத்தது. வேலை முடிந்து வந்தவர்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றி வந்தவர்கள், எல்லோரும் அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்கள்.

இந்த நாட்டில் தொலைக்காட்சி பிறந்ததே அந்த ஆண்டில்தான். செப்டெம்பர் 16ஆம் திகதி சிட்னியில் ஒன்பதாம் அலைவரிசை. நவம்பர் 4ஆம் திகதி மெல்பேர்ணில் ஏழாம் அலைவரிசை. நவம்பர் 19ஆம் திகதி மெல்பேர்ணில் அரச ஒளிபரப்பான ஏபிசி. ஒலிம்பிக் தொடங்கியது 22ஆம் திகதி. நடை பழகும் முன்பே ஓட்டப் பந்தயத்தைக் காட்ட வேண்டி வந்தது. வெளிநாட்டு ஒளிபரப்பாளர்கள் உரிமைப் பணத்தில் பிணங்கிக்கொண்டு விலகிவிட்டார்கள். உலகம் அந்த ஒலிம்பிக்கைச் சரியாகப் பார்க்கவில்லை. பெற்றோல் நிலையத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். பழைய நாள் விளையாட்டு ஒளிபரப்பை நினைத்து இந்த நாட்டில் வாழ்கிறவர்கள் ஏங்கும்போது, எந்த அணி வென்றது என்பது பெரும்பாலும் மறந்தே போயிருக்கும். ஒரே நேரத்தில், ஒரே படத்தை, காசு கொடுக்காமல், முதலாளியும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவரும் நேற்று விமானத்தில் வந்திறங்கியவரும் சேர்ந்து பார்த்தோமே, அது மறக்கவில்லை. அந்தப் படத்தை நன்றாகக் காட்ட வேண்டும் என்று மெனக்கெட்ட மனிதர்களும் மறக்கவில்லை. அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மெல்பேர்ணில் விளையாட்டென்றால் முதலில் ஃபுட்டி என்கிற அவுஸ்திரேலிய விதிக் காற்பந்து. 1957லேயே தொலைக்காட்சி அதைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஆனால் லீக் நிர்வாகத்துக்கு ஒரு பயம். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றால் மைதான வாசலில் யார் சீட்டு எடுப்பார்? ஆகவே நேரடியாகக் காட்டக் கிடைத்தது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி மட்டும். பிறகு அதற்கும் தடை வந்தது. 1970 இறுதியாட்டத்துக்கு எம்சிஜி என்கிற மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் 121,696 பேர் திரண்டார்கள். இடைவேளையில் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்த காள்ற்றன், கொலிங்வுட்டை வென்றது. அன்றுதான் அலெக்ஸ் ஜெசலெங்கோ எதிரணி வீரரின் முதுகில் ஏறி வானத்தில் பந்தைப் பிடித்தார். ஏழாம் அலைவரிசையின் வர்ணனையாளர் மைக் வில்லியம்சன் அந்தக் கணத்தில் ஜெசலெங்கோவின் பெயரைக் கூவிய கூவல், அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம்.

மெல்பேர்ணில் இறுதியாட்டம் முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பானது 1977இல். நோர்த் மெல்பேர்ணும் கொலிங்வுட்டும் ஆளுக்கு 76 புள்ளி எடுத்துச் சமநிலையில் முடிந்தது. அடுத்த வாரம் மறுபடி ஆட வேண்டியதாயிற்று. ஊருக்கு நேரடி ஒளிபரப்பு கொடுத்த முதல் வருடத்திலேயே ஊர் இரண்டு இறுதியாட்டம் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஏழாம் அலைவரிசையின் ‘வேர்ல்ட் ஒஃப் ஸ்போர்ட்’. 1959 முதல் 1987 வரை ஓடிய நிகழ்ச்சி. றொன் கேசி நடத்துவார். லூ றிச்சட்ஸ், ஜக் டயர் போன்ற பழைய வீரர்கள் முந்திய நாள் ஆட்டத்தைப் பற்றி வாதாடுவார்கள். பக்கத்திலேயே இரண்டு பேர் கோடரியால் மரம் வெட்டிப் போட்டி போடுவார்கள். நகராத உருளைகளின் மேல் சைக்கிளோட்டக்காரர்கள் மிதிப்பார்கள். கலையகத்துக்குள் மரத்தூள் பறக்கும். பார்வைக்கு ஒழுங்கில்லாத நிகழ்ச்சிதான். ஆனால் அதில் யாரும் பார்க்கிறவனைவிட உயரத்தில் இருந்து பேசவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

இனி கிரிக்கெட். இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இன்று உலகம் முழுவதும் கிரிக்கெட்டை எப்படிப் பார்க்கிறோம் என்பது இந்த நாட்டில், இரண்டு கோடை காலங்களில் தீர்மானமானது.

1976இல் ஒன்பதாம் அலைவரிசையின் உரிமையாளர் கெரி பக்கர் கிரிக்கெட் சபையிடம் போனார். ஏபிசி கொடுத்துவந்ததைவிடப் பல மடங்கு தரத் தயாராக இருந்தார். சபை மறுத்துவிட்டது. அவர் ஆட்டக்காரர்களையே விலைக்கு வாங்கினார். 1977 மே மாதம் செய்தி வெளியானபோது கிரிக்கெட் உலகம் அதிர்ந்தது. அவருக்கு வழமையான மைதானங்கள் கிடைக்கவில்லை. வேவெர்லியில் இருந்த ஃபுட்டி மைதானத்தை எடுத்தார். அங்கே ஆடுகளம் இல்லை. ஜோன் மேலி என்ற ஆடுகளப் பராமரிப்பாளர் வெளியே பசுங்குடிலில் ஆடுகளத்தை வளர்த்து, பாரந்தூக்கியால் தூக்கிவந்து மைதானத்தின் நடுவே பதித்தார். முதல் பருவத்தில் சனம் வரவில்லை. வெறும் இருக்கைகளுக்கு முன்னால் உலகின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர்கள் பந்து வீசினார்கள்.

அடுத்த வருடம், 1978 நவம்பர் 28. சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் விளக்குகள் எரிந்தன. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் வெள்ளைப் பந்தில் ஆடிய இரவு ஆட்டம். வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் வாயிற் கதவுகளைத் திறந்து சனத்தை உள்ளே விட்டார்கள். ஏறத்தாழ 50,000 பேர். வேலை முடிந்து, பிள்ளைகளோடு, கிரிக்கெட் மைதானத்துக்கு அதுவரை வராதவர்கள் வந்தார்கள். 1979இல் சபை சமாதானத்துக்கு வந்தது. ஒளிபரப்பு உரிமை பக்கருக்குப் போனது.

பக்கரின் பணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது கமெரா. அதற்கு முன் பிரதான கமெரா மைதானத்தின் ஒரு முனையில் மட்டுமே இருந்தது. ஒரு ஓவரில் துடுப்பாட்ட வீரரின் முகத்தைப் பார்ப்போம். அடுத்த ஓவரில் அவருடைய முதுகைத்தான் பார்ப்போம், பந்து என்ன செய்தது என்று தெரியாது. பாதி ஆட்டம் மறைந்தே போனது. பக்கர் இரு முனையிலும் கமெரா வைக்கச் செய்தார். இப்போது ஒவ்வொரு பந்தும் பந்துவீச்சாளரின் தோளுக்குப் பின்னால் இருந்து. வேகப் பந்துவீச்சாளர் டெனிஸ் லில்லியின் கையை விட்ட பந்து கடைசி இரண்டு அடியில் வெளியே விலகுவதை, மைதானத்தில் உட்கார்ந்தவர்கூடப் பார்க்காததை, வீட்டில் இருந்த சின்னப் பிள்ளை பார்த்தது. ஸ்ரம்புக்குப் பக்கத்தில் ஒலிவாங்கி வைத்தார்கள். மட்டையில் பந்து உரசும் ஓசை வீட்டுக்குள் வந்தது. இந்த நாட்டு வீட்டுப் பெண்கள் பலர் கிரிக்கெட்டைப் புரிந்துகொண்டது அந்த ஆண்டுகளில்தான் என்று என் தலைமுறை அவுஸ்திரேலிய நண்பர்கள் சொல்வார்கள். நம்புகிறேன். முதுகைக் காட்டி யாருக்கும் எதையும் புரியவைக்க முடியாது.

இந்த ஒளிபரப்பை நடத்திய டேவிட் ஹில் என்ற தயாரிப்பாளரை மறக்கக் கூடாது. ஓட்டமெடுக்காமல் ஆட்டமிழந்தவரோடு திரையின் அடியில் அழுதுகொண்டு நடந்த வாத்து அவர் காலத்தது. பிறகு அவர் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். இன்று எந்த ஆட்டத்தைப் போட்டாலும் திரையின் மூலையில் புள்ளிகள் நிரந்தரமாக நிற்கின்றன அல்லவா, அந்த வழக்கத்தை அங்கே நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் அவர்.

அடுத்தது ரிச்சி பெனோ. அவுஸ்திரேலிய அணியின் முன்னாள் தலைவர், சுழற்பந்து வீச்சாளர். ஆட்டக்காரராக இருந்தபோதே சிட்னிப் பத்திரிகையில் செய்தியாளர். 1956இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்த பிறகு பிபிசியில் தொலைக்காட்சிப் பயிற்சி பெற்றார். அதே 1956. அவர் கற்றுக்கொண்டதும் பிறகு வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்ததும் ஒன்று: படத்தில் இல்லாத எதையாவது சேர்க்க முடிந்தால் மட்டும் பேசு.

ஒரு விக்கெட் விழும்போது அவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். பந்து ஸ்ரம்பை அடிக்கிறது. மரம் தெறிக்கும் சத்தம். பந்துவீச்சாளர் இரு கையையும் விரித்து ஓடுகிறார். துடுப்பாட்ட வீரர் குனிந்து ஆடுகளத்தைப் பார்க்கிறார். கூட்டம் எழுகிறது. பெனோ பேசவில்லை. துடுப்பாட்ட வீரர் கையுறையைக் கழற்றியபடி நடக்கத் தொடங்குகிறார். இன்னும் பேசவில்லை. மெதுவாக மறுபடி காட்டுகிறார்கள். அப்போது ஒரே ஒரு வசனம், பந்து ஏன் உள்ளே வந்தது என்று. முடிந்தது. நமக்கு மூளை இருக்கிறது என்று நம்பியவர் அவர். பக்கத்திலேயே சக வர்ணனையாளர் பில் லோரி ஒவ்வொரு பந்துக்கும் வானத்துக்குத் துள்ளுவார். ரொனி கிரெய்க் ஆடுகளத்தின் வெடிப்பில் சாவியை நுழைத்துக் காட்டுவார், லோரியோடு வாதத்துக்குப் போவார். இயன் சப்பல் நறுக்கென்று பேசுவார். பெனோவின் மௌனம் அவர்கள் சத்தத்தைத் தாங்கி நின்றது.

1981 பெப்ரவரி 1ஆம் திகதி. எம்சிஜியில் நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் சமன் செய்ய ஆறு ஓட்டம் தேவை. அவுஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சப்பல், தன் தம்பி ட்ரெவர் சப்பலைப் பந்தைத் தரையில் உருட்டிவிடச் சொன்னார். விதியில் இடம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பெனோ கமெராவைப் பார்த்து, இது வெட்கக்கேடான செயல் என்று சொன்னார். குரல் உயரவில்லை. அவருக்குச் சம்பளம் தந்த நிலையம் விற்றுக்கொண்டிருந்த பொருளே அந்த அணியின் கிரிக்கெட்தான். சொந்த நாட்டு அணித்தலைவரை, சொந்த நாட்டு மக்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த நிமிடமே கண்டித்தார். இன்றைய வர்ணனைப் பெட்டியில் இதை எதிர்பார்க்க முடியுமா என்று கேட்டால், என் பதில் முடியாது என்பதுதான். உரிமைக்குக் கொடுத்த பணம் இன்று வர்ணனையாளரின் நாக்கைக் கட்டுகிறது.

கிரிக்கெட்டை விட்டு மலைக்குப் போவோம். நியூ சவுத் வேல்ஸில் பதர்ஸ்ற் என்ற ஊர். மவுண்ட் பனோரமா என்ற மலையைச் சுற்றி ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஆயிரம் கிலோமீட்டர் கார்ப் பந்தயம். ஏழாம் அலைவரிசை நாள் முழுவதும் காட்டும். 1979இல் ஏழாம் அலைவரிசைப் பொறியியலாளர்கள் ஓடும் காருக்குள் கமெரா வைத்து, படத்தை மேலே பறக்கும் ஹெலிகொப்டருக்கு அனுப்பி, அங்கிருந்து கீழே இறக்கி நேரடியாகக் காட்டினார்கள். பீற்றர் வில்லியம்சன் என்பவருடைய ரொயோற்றா செலிக்கா கார் அது. ஸ்ரியறிங்கைத் திருப்பிக்கொண்டே அவர் பார்வையாளர்களோடு கதைத்தார். கீழே விழுகிற பாதையும் பக்கச் சுவரும் பார்க்கிறவரின் மடிக்கு வந்தன. அந்தக் கண்டுபிடிப்பை அமெரிக்கக் கார்ப் பந்தயங்களும் எடுத்துக்கொண்டன.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். 1980. குயின்ஸ்லாந்துக்காரர் டிக் ஜோன்சன். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. இருந்த பணம், வாங்கிய கடன், எல்லாவற்றையும் ஒரு ஃபோர்டு ஃபல்கன் காரில் போட்டிருந்தார். பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். மலையின் வெட்டுப் பாதையில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பழுதான காரை எடுக்க வந்த வண்டி. மறுபக்கம் மேட்டிலிருந்து பாதைக்கு வந்துவிட்ட ஒரு பாறை. விலக இடமில்லை. பாறையில் மோதிச் சுவரில் அடித்துக் கார் நொறுங்கியது.

சிறிது நேரத்தில் ஒலிவாங்கி அவர் முன்னால் நீட்டப்பட்டது. அவர் பேச முயன்றார். தொண்டை அடைத்தது. கண் கலங்கியது. வளர்ந்த மனிதன் ஒருவன், எண்ணெய்க் கறை படிந்த பந்தய உடையோடு, தன் வாழ்வின் சேமிப்பு முழுவதும் போய்விட்டது என்பதை நாட்டுக்கு முன்னால் சொல்ல முடியாமல் நின்றான். கமெரா விலகவில்லை. அதே வேளை அவமானப்படுத்தவும் இல்லை. நிலையத்தின் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. ஐந்து டொலர், பத்து டொலர் என்று சனம் பணம் தர முன்வந்தது. ஏறக்குறைய 72,000 டொலர் சேர்ந்தது. ஃபோர்டு குடும்பத்தைச் சேர்ந்த எட்செல் ஃபோர்டு அப்போது அந்நிறுவனத்தின் அவுஸ்திரேலியக் கிளையில் உயர் பொறுப்பில் இருந்தார். சனம் தந்த ஒவ்வொரு டொலருக்கும் ஒரு டொலர் தருவதாக அறிவித்தார். ஜோன்சன் புதிய கார் கட்டினார். 1981இல் ஜோன் ஃபிரெஞ்சோடு சேர்ந்து அதே மலையில் வென்றார்.

ஒரு கார் ஓட்டுநரை அதுவரை அறியாத குடும்பங்கள் ஏன் பணம் அனுப்பின? அந்த நேரத்தில் பல வீடுகளில் ஒரே முகம் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அந்தக் காட்சி ஒரு கைபேசியில் வந்து, பெருவிரல் தள்ள, போய்விடும்.

இலங்கையிலிருந்து வந்த நம் தமிழ் ஆக்களின் பக்கத்துக்கு வருகிறேன். எண்பதுகளில் நம்மில் பலர் இங்கே வந்தபோது, வாடகை வீட்டுக்கு முதலில் வாங்கியது கட்டில் இல்லை, பழைய சாமான் கடையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. நானும் இன்னும் சில இளைஞர்களும் இருந்த வீட்டில் மரப் பலகை அடித்த பெட்டி ஒன்று. மேலே முயல் காது போல இரண்டு கம்பி. இரவு வேலை முடிந்து காலையில் வருகிறவர்கள் சோற்றைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் முன்னால் உட்காருவார்கள். எங்களில் மூத்தவர் ஒரு அண்ணை, சத்தத்தைக் குறைத்தே வைக்கச் சொல்வார். ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் கேட்க வேண்டும். கிரெய்கும் லோரியும் தாழ்ந்த குரலில் சண்டை பிடிக்க, நாங்கள் தொலைபேசிக்குக் காது கொடுத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தோம். மறுநாள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்பார். சொல்ல நம்மிடமும் ஏதோ இருந்தது. அந்நிய நாட்டில் ஒருவரோடு பேசத் தொடங்க அது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் புதிதாக வந்தவர் அறிவார்.

1985 மார்ச் 10ஆம் திகதி எம்சிஜியில் உலகச் சம்பியன்ஷிப் கிரிக்கெட் இறுதியாட்டம். அந்தத் தொடருக்காகத்தான் எம்சிஜியின் புதிய விளக்குகள் முதன்முதலாக எரிந்தன. இந்தியாவும் பாகிஸ்தானும். சென்னைப் பையன் லக்ஷ்மன் சிவராமகிருஷ்ணன் வீசிய சுழலில் பாகிஸ்தானின் ஜாவெட் மியாண்டாட் வெளியே வந்து ஏமாற, விக்கெட் காப்பாளர் சதானந்த் விஸ்வநாத் ஸ்ரம்பைத் தட்டினார். இன்னொரு சென்னைக்காரர் ஸ்ரீகாந்த் 67 ஓட்டம் அடித்து ஆட்டநாயகன் ஆனார். இரு முனைக் கமெராவில் அந்தச் சுழல் திரும்பியதை மெதுவாக மறுபடி மறுபடி காட்டினார்கள். தமிழ்ப் பையன் ஒருவனின் மணிக்கட்டை அவுஸ்திரேலியா அன்று பாடம் போலப் பார்த்தது.

பத்து வருடம் கழித்து இன்னொரு தமிழரின் கையைப் பார்த்தது. 1995 டிசெம்பர் 26, எம்சிஜி. நடுவர் டரல் ஹேர், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை கை நீட்டினார். அந்த நாளை நான் இந்த அவையில் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்துச் சனம் போரால் ஒரே இரவில் இடம்பெயர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நம்மில் பலருக்கு அவர் ஆடிய இலங்கை அணியின் சின்னத்தைப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த மலையகத் தமிழ்ப் பிள்ளை நடுமைதானத்தில் தனியே நின்றபோது, வீட்டில் யாரும் எழுந்து அலைவரிசையை மாற்றவில்லை.

அன்றும், 1999இல் அடிலெய்டில் இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக் கோடுவரை அழைத்துச் சென்ற நாளிலும், தொலைக்காட்சி முரளியின் முழங்கையை மெதுவாக, முன்னும் பின்னும், மறுபடியும் மறுபடியும் காட்டியது. நாடே நீதிபதியானது. முரளியின் கை பிறவியிலேயே முழுதாக நீளாது. மடிந்த கை சுழலும்போது ஒரே கோணத்தில் இருந்து பார்க்கிற தட்டையான படத்தில் அது நீள்வதைப் போலத் தோன்றும். பேர்த் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பல கோணங்களில் பல கமெராக்கள் வைத்துத்தான் உண்மையைக் கண்டார்கள். பின்னாளில் மற்றப் பந்துவீச்சாளர்களை அளந்தபோது அநேகமாக எல்லோருடைய கையும் ஓரளவு நீள்வது தெரிந்து, 15 பாகை வரை அனுமதி என்று விதியே மாறியது. கமெராவைப் புகழ்ந்து பேசிய நான் இதையும் சொல்லியாக வேண்டும். இரு முனையில் வைத்தும் அதற்குத் தெரியாதது இருந்தது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி ஒரு மனிதனை அது பல வருடம் வதைத்தது.

அந்தக் காலம் முழுவதும் பொன் என்று நான் சொல்லவில்லை. 1976இல் சிகரெட் விளம்பரம் தொலைக்காட்சியில் தடை செய்யப்பட்டது. ஆனால் மைதான எல்லைப் பலகைகளிலும் கிண்ணத்தின் பெயரிலும் சிகரெட் நிறுவனம் பல வருடம் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தது. பெண்கள் ஆடிய ஆட்டத்துக்குத் திரையில் இடமே அரிது. 2000 செப்டெம்பர் 25ஆம் திகதி சிட்னியில் கதி ஃபிறீமன் 400 மீற்றரை 49.11 வினாடியில் ஓடி வென்றபோது, ஒரு பழங்குடிப் பெண்ணுக்காக நாடு முழுவதும் மூச்சைப் பிடித்தது. தொலைக்காட்சி வந்து 44 வருடம் கழித்து.

எஸ்பிஎஸ் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1980 ஒக்டோபரில் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொடங்கியது, குடியேறியவர்களுக்கான அலைவரிசை. அங்கே படங்களுக்கு அடிவரி எழுதும் வேலைக்கு வந்தவர் லெஸ் மறே. ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளை. இந்த நாட்டில் உதைபந்தாட்டத்தை வந்தேறிகளின் ஆட்டம் என்று ஒதுக்கிய காலத்தில், அவரும் முன்னாள் தேசிய அணித்தலைவர் ஜோனி வொறனும் உட்கார்ந்து அதை ஒரு கலையாகப் பேசினார்கள். வெளிநாட்டு வீரர் ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் தாய் உச்சரிப்பது போலச் சொல்ல மறே பாடுபட்டார். நம் நீளமான பெயர்களைப் பாடசாலையிலும் வேலையிலும் வெட்டிக் குறுக்கியவர்களுக்கு நடுவே வாழ்ந்த நமக்கு, அதன் அருமை தெரியும்.

1997 நவம்பர் 29. எம்சிஜி. உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். ஈரானுக்கு எதிராக அவுஸ்திரேலியா இரண்டு கோல் முன்னிலை. உலகக் கிண்ணம் கைக்கு எட்டிவிட்டது. ஈரான் இரண்டு கோல் போட்டது. எல்லாம் போயிற்று. நேரடி ஒளிபரப்பில் ஜோனி வொறன் அழுதார். 2004 நவம்பரில் அவர் காலமானார். 2005 நவம்பர் 16ஆம் திகதி சிட்னியில், உருகுவேக்கு எதிராக, ஜோன் அலோய்சி அடித்த கடைசிப் பெனால்ரி வலைக்குள் போனது. அவுஸ்திரேலியாவுக்கு 1974க்குப் பிறகு முதல் உலகக் கிண்ணம். அதையும் எஸ்பிஎஸ் காட்டியது. லெஸ் மறே இருந்தார். வொறன் இல்லை.

1992ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சேவைச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. மெல்பேர்ண் கிண்ணக் குதிரைப் பந்தயம், ஃபுட்டி, சொந்த மண்ணில் ஆடும் டெஸ்ட் என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றைக் கட்டணத் தொலைக்காட்சி தனியே அபகரிக்க முடியாது, இலவச அலைவரிசைகளுக்கு முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்றது. ஆனால் வேலியில் ஓட்டைகள் இருந்தன. 2018இல் 1.18 பில்லியன் டொலருக்கு ஏழாம் அலைவரிசையும் ஒரு கட்டண நிறுவனமும் சேர்ந்து கிரிக்கெட்டை எடுத்தன. ஒன்பதாம் அலைவரிசையில் கிரிக்கெட் பார்த்த நாற்பது வருடப் பழக்கம் முடிந்தது. உள்நாட்டில் ஆண்கள் ஆடும் ஒருநாள் ஆட்டங்கள் கட்டணச் சுவருக்குப் பின்னால் போய்விட்டன. அதே ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் பெரும் பகுதியை ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் இணையத்தில் காசுக்கு வைத்தது. படம் உறைந்து நின்றது. சனம் கொதித்தது. மிச்ச ஆட்டங்களை எஸ்பிஎஸ்ஸும் காட்டட்டும் என்று விட்டார்கள். 2024இல்தான் சட்டத்தை இணைய ஒளிபரப்புக்கும் நீட்டினார்கள். இது தொழில் தகராறு இல்லை. மாதச் சந்தா கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த நாட்டு ஆட்டம் சொந்தமா இல்லையா என்ற கேள்வி. சொந்தம் என்பது என் நிலைப்பாடு. யாரிடமும் இதை நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறுபதுகளில் ஒளிப்பதிவு நாடா இரண்டு அங்குல அகலம், யானை விலை. ஆட்டம் ஒளிபரப்பானதும் அதே நாடாவில் அடுத்ததைப் பதிந்தார்கள். அந்தக் கால ஃபுட்டி ஆட்டங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் அழிந்தன. பிற்காலத்து ஒளிபரப்புகளிலும் எவ்வளவோ நிலையங்களில் இல்லை. சில இருக்கின்றன என்றால், யாரோ ஒருவர் வீட்டில் வீடியோவில் பதிந்து வைத்ததால்.

அப்படிப் பதிந்தவர்களில் நம் ஆக்கள் நிறையப் பேர். இந்த நாட்டிலும் இலங்கையிலும் இந்தியாவிலும் பால் (PAL) என்ற ஒரே ஒளிபரப்பு முறை. இங்கே பதிந்த கசெற் கொழும்பிலும் சென்னையிலும் ஓடும். ரொறொன்ரோவில் ஓடாது. அதனால் ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப ஆட்டங்களைப் பதிந்தோம். அனுப்பாமல் மிஞ்சியவை உங்கள் வாகனக் கொட்டகையில், பெட்டிக்குள் இருக்கும். கன்பராவில் உள்ள தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம், 2025க்குள் எண்மமாக்காத நாடாக்கள் பெரும்பாலும் தப்பாது என்று 2015லேயே எச்சரித்தது. வீடியோ இயந்திரம் செய்வதையும் 2016இல் நிறுத்திவிட்டார்கள்.

வெளியே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கசெற் வைத்திருப்பவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் இயந்திரத்தில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். விளம்பரத்தையும் செய்திச் சுருக்கத்தையும் வெட்ட வேண்டாம், அவையும் வேண்டும். மேலே ஒட்டிய தாளில் தமிழ்ப் படத்தின் பெயர் இருக்கிறதே என்று எதையும் எறிந்துவிடாதீர்கள். படம் இரண்டரை மணி நேரம், கசெற் மூன்று மணி நேரம். மிச்ச அரை மணியில் என்ன பதிந்தீர்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.